புற்றுநோய்க் கட்டியின் வளர்ச்சியை மெதுவாக்கும் நீலச் சாயம்: எவ்வளவு தூரம் உண்மை?

ஒரு குவளைத் தண்ணீர். அதில் இரண்டு சொட்டு அடர்நீலம். குடித்துவிட்டு, நீலமாகிப்போன நாக்கை நீட்டிக் காட்டுகிறார் ஒருவர். இப்படி ஒரு காணொளியாவது உங்கள் கைபேசிக்கு வந்திருக்கும். "மூளை சுறுசுறுப்பாகும்" என்று ஆரம்பித்த பேச்சு, இப்போ "புற்றுநோயே கரைஞ்சிடும்" என்கிற இடத்துக்கு வந்து நிற்கிறது. 2025 ஜனவரியில் நடிகர் மெல் கிப்சன், ஜோ ரோகனின் வலையொலியில், நான்காம் கட்டப் புற்றுநோயிலிருந்து தம் நண்பர்கள் மூவர் மீண்டுவிட்டதாகச் சொன்னார். அந்தப் பேச்சில் இந்த நீலத்தின் பெயரும் அடிபட்டது. அதற்குப் பிறகு கேட்கவா வேண்டும்?

மெத்திலீன் புளூ என்பது அதன் பெயர். உங்களுக்கு ஏற்கெனவே அறிமுகமானதுதான். வளர்ப்பு மீன் கடையில் சின்னப் போத்தலில் விற்பார்கள். மீனுக்குப் பூஞ்சை பிடித்தால் தொட்டியில் விடுவதற்கு. பள்ளி அறிவியல் கூடத்தில் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி எடுத்து, நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு முன் ஒரு சொட்டு விட்டிருப்பீர்கள். அதே சாயம்.

"எல்லாம் சுத்தப் பொய்" என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். ஆனால் இது சுத்தப் பொய் இல்லை. கட்டி எப்படிச் சாப்பிடுகிறது, எப்படி மூச்சுவிடுகிறது என்பதை இந்தச் சாயத்தால் மாற்ற முடியுமா என்ற கேள்வியை ஆய்வாளர்கள் கிட்டத்தட்ட நூறு வருஷமாகக் கேட்டு வருகிறார்கள். 2024-இல் கனடாவிலிருந்து வந்த எலி ஆய்வு ஒன்று அந்தக் கேள்விக்குப் புது உயிர் கொடுத்தது. அங்கே என்ன நடந்தது என்று புரிய, முதலில் ஒரு போத்தலைக் குலுக்க வேண்டும்.

குலுக்கினால் நீலம், விட்டால் வெள்ளைத் தண்ணீர்

வேதியியல் ஆசிரியர்களுக்குப் பிடித்த வித்தை ஒன்று உண்டு. தண்ணீரில் குளுக்கோஸ், கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடு, சில சொட்டு மெத்திலீன் புளூ சேர்த்து மூடி வைப்பார்கள். சற்று நேரத்தில் நீலம் காணாமல் போய்விடும். போத்தலைக் குலுக்கினால் சட்டென்று திரும்ப நீலம். விட்டால் மறுபடி நிறமற்றுப் போகும். இப்படிப் பலமுறை செய்யலாம்.

மாயம் ஒன்றும் இல்லை. சாயம் குளுக்கோஸிடமிருந்து எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. வாங்கியதும் அதன் நிறம் போய்விடுகிறது. குலுக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் உள்ளே கலக்கிறது. சாயம் தன்னிடமுள்ள எலக்ட்ரான்களை அதனிடம் கொடுத்துவிட்டு நீலத்துக்குத் திரும்புகிறது. ஒரு பக்கம் வாங்கி, மறுபக்கம் கொடுக்கிறது. தரகர் வேலை என்று வைத்துக்கொள்ளுங்களேன். இந்த ஒரே குணம்தான் இந்தக் கட்டுரை முழுக்க வரப்போகிறது: மருந்தாவதும் அதனால்தான், ஆபத்தாவதும் அதனால்தான்.

துணிக்குச் சாயம் போடத்தான் இது பிறந்தது. 1876-இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனத்தில் ஹைன்ரிக் காரோ என்ற வேதியியலாளர் உருவாக்கினார். சில ஆண்டுகளிலேயே அது துணிக்கடையைத் தாண்டி ஆய்வுக்கூடத்துக்குள் புகுந்துவிட்டது. சில உயிரணுக்கள் மட்டும் இந்த நீலத்தைப் பிடித்துக்கொள்வதையும் மற்றவை விட்டுவிடுவதையும் பார்த்த பால் எர்லிக், 'கிருமியை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் சாயம், கிருமியை மட்டும் கொல்லுமா?' என்று யோசித்தார். 1891-இல் அவரும் பால் குட்மனும் மலேரியா நோயாளிகள் இருவருக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். இருவரும் தேறினார்கள். ஆய்வுக்கூடத்தில் முழுக்க முழுக்கச் செயற்கையாகத் தயாரித்த ஒரு பொருளை மனித நோய்க்கு மருந்தாகக் கொடுத்த மிக ஆரம்பகால நிகழ்வுகளில் இது ஒன்று.

இன்றைக்கும் மருத்துவமனையில் இதற்கு இடம் இருக்கிறது. சில மருந்துகளோ ரசாயனங்களோ ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைக் கெடுத்து, ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். நோயாளியின் உதடும் நகமும் நீலம் பாரித்துப் போகும். அந்த நிலையில் நரம்பு வழியாக மெத்திலீன் புளூ ஏற்றுவார்கள். நீலம் பாரித்தவருக்கு நீலத்தையே ஏற்ற, அவர் பழைய நிறத்துக்குத் திரும்புவது மருத்துவத்தின் வேடிக்கைகளில் ஒன்று. அதன் பிறகு சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போகும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவிகூடச் சாயத்தைப் பார்த்து ஏமாந்து, தவறாகக் குறைந்த அளவைக் காட்டும்.

கட்டி ஏன் சீனியை அப்படி விழுங்குகிறது?

இனி கட்டியின் பக்கம் வருவோம்.

உங்கள் உயிரணு ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை இரண்டு கட்டமாகப் பயன்படுத்தும். முதலில் அதை இரண்டாக உடைக்கும். அதற்கு ஆக்சிஜன் தேவையில்லை. கிடைக்கும் சக்தியும் கொஞ்சம்தான், 2 ஏடிபி. உடைந்த துண்டுகள் பிறகு மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய், ஆக்சிஜனின் துணையோடு முழுசாக எரியும். அப்போது மொத்தக் கணக்கு ஏறக்குறைய 30 ஏடிபி. 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தின் கடைசிச் சுற்றில் உயிரைக் கொடுத்து ஓடும்போது தசைக்கு ஆக்சிஜன் பற்றாது. அப்போது அது முதல் கட்டத்தோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தை லாக்டேட்டாக வெளியே தள்ளும். அவசரத்துக்கு அது போதும்.

1920-களில் பெர்லினில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஓட்டோ வார்பர்க் கண்டது விசித்திரமாக இருந்தது. புற்றுக்கட்டித் திசு, ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதும் அந்தக் கடைசிச் சுற்று ஓட்டக்காரர் மாதிரியே நடந்துகொண்டது. சீனியை அள்ளி அள்ளி எடுத்தது. பாதியிலேயே விட்டு, லாக்டேட்டைக் கொட்டியது. இதற்குத்தான் வார்பர்க் விளைவு என்று பெயர். புற்றுநோயாளிகளுக்கு எடுக்கும் பெட் ஸ்கேன் பெரும்பாலும் இதை வைத்துத்தான் வேலை செய்கிறது. லேசான கதிரியக்கம் சேர்த்த சீனியை உடம்பில் ஏற்றிவிட்டு, எது அதிகம் விழுங்குகிறது என்று படம் பிடிப்பார்கள். கட்டி பளிச்சென்று தெரியும்.

30 கிடைக்கும் இடத்தில் 2 போதும் என்று இருப்பது முட்டாள்தனமாகத் தோன்றுகிறதா? வளர்வது ஒன்றே குறியாக இருக்கும் உயிரணுவுக்கு அது முட்டாள்தனம் இல்லை. வேகமாகப் பெருக வேண்டுமென்றால் சக்தி மட்டும் போதாது; செங்கல்லும் சிமெண்டும் வேண்டும். முழுசாக எரிந்த குளுக்கோஸ் கரியமில வாயுவாகப் போய்விடும். பாதி உடைந்த துண்டுகளிலிருந்துதான் புது உயிரணுவுக்கான கொழுப்பு, மரபணுப் பொருள் எல்லாவற்றையும் கட்ட முடியும்.

ஆனால் இந்த வேகத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. சீனியை உடைக்கும்போது எலக்ட்ரான்கள் கழன்று வரும். அவற்றைச் சுமக்கச் சில மூலக்கூறு வண்டிகள் இருக்கின்றன. வண்டியைக் காலி செய்தால்தான் அடுத்த சீனியை உடைக்க முடியும். வழக்கமாக மைட்டோகாண்ட்ரியா அவற்றைக் காலி செய்து, எலக்ட்ரான்களைப் படிப்படியாக ஆக்சிஜனிடம் சேர்க்கும். கட்டியோ பெரும்பகுதியைச் சீனித் துண்டின் மேலேயே திருப்பிக் கொட்டுகிறது. லாக்டேட் என்பது அந்தக் குப்பைதான்.

இப்போ போத்தலை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். எலக்ட்ரானை வாங்கி ஆக்சிஜனிடம் கொடுக்கத் தெரிந்த ஒரு சாயம் நம்மிடம் இருக்கிறது. அதை அந்த உயிரணுவுக்குள் விட்டால்?

ரயில் நின்றால் வரும் பேருந்து

எம்ஆர்டி ரயில் சில நிலையங்களுக்கு இடையே ஓடாமல் போனால், அங்கே மட்டும் பேருந்து விட்டு அடுத்த நிலையத்தில் இறக்கிவிடுவார்கள் அல்லவா? மெத்திலீன் புளூ செய்வது ஏறக்குறைய அதுதான். மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்கள் பல நிலையங்களைக் கடந்து போகின்றன. சாயம் ஆரம்பத்திலேயே அவற்றை ஏற்றிக்கொண்டு, நடுவிலுள்ள சில நிலையங்களைத் தாண்டி, சைட்டோகுரோம் சி என்ற இடத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து ஆக்சிஜன் ஒரு நிறுத்தம்தான்.

எதிர்பார்ப்பு இது: லாக்டேட்டாகப் போகவேண்டிய எலக்ட்ரான்கள் ஆக்சிஜன் பக்கம் திரும்பும். உயிரணு அதிகம் மூச்சுவிடும். சீனி எரிந்துபோகும், கட்டுமானத்துக்கு மிஞ்சுவது குறையும். கட்டியின் வேகம் தணியும்.

இது நேற்று முளைத்த யோசனை இல்லை. 1930-லேயே, பெருவில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த குஸ்மன் பாரன், கட்டித் திசுக்களையும் சாதாரணத் திசுக்களையும் எடுத்து மெத்திலீன் புளூ சேர்த்து, அவை எவ்வளவு ஆக்சிஜன் எடுத்துக்கொள்கின்றன என்று அளந்தார். ஆக்சிஜன் இருக்கும்போதும் லாக்டேட்டைத் தள்ளும் பழக்கமுள்ள திசுக்கள் சாயம் பட்டதும் கூடுதலாக மூச்சுவிட்டன. கட்டிகள் அந்த வகை. அப்படிப் பழக்கமில்லாத திசுக்களில் பெரிய மாற்றமில்லை. ஆனால் அடுத்த பல பத்தாண்டுகளுக்கு அறிவியலின் கவனம் மரபணுக்களின் பக்கம் போய்விட்டது. கட்டியின் சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆளில்லை.

அந்தப் பழைய நூலை மறுபடி கையிலெடுத்தவர்களில் மொன்ட்ரியல் பாலிடெக்னிக் ஆய்வாளர்களும் உண்டு. அவர்களுடைய கட்டுரை 2024 ஜனவரியில் 'கேன்சர்ஸ்' சஞ்சிகையில் வந்தது. மனிதரின் சினைப்பைப் புற்றுநோய் உயிரணுக்களை எலிகளுக்குள் வளர்த்தார்கள். அதுவும் கார்போபிளாட்டின் என்ற வழக்கமான கீமோ மருந்துக்கு அசையாத வகை. சினைப்பைப் புற்றுநோயில் பெரிய தலைவலியே இதுதான்: முதல் சுற்று மருந்துக்கு அடங்கி, பிறகு மருந்தையே மதிக்காமல் திரும்பி வருவது. மெத்திலீன் புளூ கொடுக்கப்பட்ட எலிகளில் கட்டியின் வளர்ச்சி மெதுவடைந்தது.

'மெதுவடைந்தது' என்ற சொல்லைக் கவனியுங்கள். கட்டி மறைந்தது என்று அவர்கள் எழுதவில்லை. எலி குணமானது என்றும் எழுதவில்லை. காணொளிகளில் இந்த ஆய்வு 'கரைந்தது', 'ஒழிந்தது' என்றெல்லாம் மாறிவிடுகிறது. ஒரு வினைச்சொல் கைமாறும்போது இவ்வளவு தூரம் போய்விடுகிறது.

சரி, நல்ல சேதிதானே?

ஆமாம். ஆனால் இரண்டு விஷயம் உறுத்துகிறது.

ஒன்று, வார்பர்க்கின் விளக்கத்தில் ஒரு பகுதி பின்னாளில் நிற்கவில்லை. கட்டியின் மைட்டோகாண்ட்ரியா பழுதாகிவிட்டது, அதனால்தான் இப்படி நடக்கிறது என்று அவர் நம்பினார். பல கட்டிகளில் அது நன்றாகவே வேலை செய்கிறது என்று இப்போது தெரியும். சீனியையும் விழுங்கி, மூச்சும் விடுகின்றன. சில கட்டிகள் மூச்சையே நம்பி இருக்கின்றன. ரயில் ஒழுங்காக ஓடும் ஊரில் கூடுதலாகப் பேருந்து விட்டால் கூட்டம் குறையுமா, இன்னும் அதிகம் பேர் வந்து சேர்வார்களா? எல்லாக் கட்டிக்கும் ஒரே பதில் இருக்க முடியாது.

இன்னொன்று, சாயம் எலக்ட்ரானை எப்போதும் சரியான நிறுத்தத்தில் இறக்குவதில்லை. சில சமயம் நேராக ஆக்சிஜன் மேலேயே கொட்டிவிடும். அப்போது உருவாவது ஹைட்ரஜன் பெராக்சைடு. உயிரணுவை அரிக்கும் பொருள். ஆக, கட்டி மெதுவானதற்குக் காரணம் அதன் சாப்பாட்டுப் பழக்கம் மாறியதா, இல்லை அது காயப்பட்டதா? இரண்டும் வேறு வேறு. காயம்தான் காரணமென்றால் பக்கத்திலிருக்கும் நல்ல உயிரணுக்களுக்கும் அந்த அடி விழும்.

எலியில் வேலை செய்தது மனிதரிடம் கைவிட்ட கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. இந்தச் சாயத்துக்கே அப்படி ஒரு கதை உண்டு. அதில் சிங்கப்பூருக்கும் பங்கு இருக்கிறது. 2002-இல் இங்கே தொடங்கப்பட்ட டாவ்ஆர்எக்ஸ் நிறுவனம், மெத்திலீன் புளூவை வைத்து அல்ஸைமர் மறதிநோய்க்கு மருந்து தேடியது. இரண்டாம் கட்டச் சோதனையில் பிரிட்டன், சிங்கப்பூர் நோயாளிகள் 321 பேர் பங்கெடுத்தார்கள். நம்பிக்கை பிறந்தது. அடுத்த கட்டச் சோதனை 891 பேரை வைத்து நடந்தது. 2016-இல் முடிவு வந்தபோது, மருந்து அதன் முக்கிய இலக்கை எட்டவில்லை.

அந்தச் சோதனையில் ஒரு சுவையான சிக்கலும் இருந்தது. எந்த நோயாளி மருந்து எடுக்கிறார், யார் வெறும் மாத்திரை எடுக்கிறார் என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியக்கூடாது, அதுதான் விதி. சிறுநீரே நீலமாகப் போனால் எப்படி மறைப்பது? அதனால் ஒப்பீட்டுக் குழுவுக்கும் நிறம் வரும் அளவுக்கு 4 மில்லிகிராம் சாயத்தை நாளுக்கு இருமுறை கொடுத்தார்கள். புற்றுநோய்க்கு இதை முறையாகச் சோதிக்க வருபவர்களும் இந்தச் சுவரில் முட்டித்தான் ஆகவேண்டும்.

கட்டியின் சாப்பாட்டை மாற்றும் மருந்து இணையத்தில் பரபரப்பானதும் முதல் முறை இல்லை. 2007-இல் கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், டிசிஏ என்ற மலிவான ரசாயனம் எலிகளில் கட்டியைச் சுருக்கியதாக எழுதினார்கள். சில மாதங்களில் அது இணையத்தில் விற்பனைக்கு வந்துவிட்டது. அமெரிக்க அதிகாரிகள் தலையிட்டு அந்த விற்பனையை நிறுத்தவேண்டி வந்தது. நரம்புகளைப் பாதிக்கும் குணம் அந்த ரசாயனத்துக்கு உண்டு.

உங்கள் வீட்டில் யாராவது "வாங்கிப் பார்க்கலாமா?" என்று கேட்டால்

இங்குதான் இந்த வேதியியல் நம் வீட்டுக்குள் வருகிறது.

முதலில் ஜி6பிடி. சிங்கப்பூரில் பிறந்திருந்தால் உங்கள் தொப்புள்கொடி ரத்தத்தில் இந்தப் பரிசோதனையைச் செய்திருப்பார்கள். 1965-இலிருந்து நடக்கும் பழக்கம் இது. அந்தக் காலத்தில் கடுமையான மஞ்சள்காமாலையால் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகள் இங்கே நிறைய. அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று ஜி6பிடி குறைபாடு. "இந்தப் பிள்ளைக்கு அந்துருண்டை வாசம் ஆகாது" என்று உங்கள் குடும்பத்தில் யாரைப் பற்றியாவது சொல்லக் கேட்டிருந்தால், விஷயம் இதுதான்.

ஜி6பிடி என்பது சிவப்பணு தன்னைப் பாதுகாக்க வைத்திருக்கும் எலக்ட்ரான் சேமிப்பை நிரப்பும் நொதி. மெத்திலீன் புளூ உள்ளே வந்தால் எடுப்பது அந்தச் சேமிப்பிலிருந்துதான். நொதி சரியாக இருந்தால் சேமிப்பு மறுபடி நிரம்பிவிடும். குறைபாடு இருந்தால் நிரம்பாது. சாயம் உள்ளதைச் சுரண்டிவிட, சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும். கட்டியில் எலக்ட்ரானைத் திருடவேண்டும் என்று ஆசைப்பட்டோமே, அதே திருட்டு ரத்தத்தில் நடக்கும். ஆண்களிடம் இந்தக் குறைபாடு அதிகம். பலருக்கு அன்றாட வாழ்க்கையில் ஒரு அறிகுறியும் இருக்காது.

அடுத்தது மனநல மருந்துகள். செரடோனினை உடைக்கும் நொதி ஒன்றை மெத்திலீன் புளூ முடக்கிவிடும். ஃபுளுவாக்ஸெட்டின், செர்ட்ராலின், எஸிடலோபிராம் போன்ற மனச்சோர்வு மருந்துகளை எடுப்பவரிடம் இரண்டும் சேர்ந்தால் செரடோனின் அளவுக்கு மீறி ஏறும். காய்ச்சல், நடுக்கம், குழப்பம் என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். 2011-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதைப் பற்றி எச்சரித்தது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் மனச்சோர்வு மருந்து எடுப்பது சாதாரணம். டிராமடால் போன்ற சில வலி மருந்துகளுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. காணொளியில் நாக்கை நீட்டுபவர் இதைச் சொல்வதில்லை.

அளவும் ஒரு விஷயம். மருத்துவமனையில் ஏற்றுவது உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரை, மேற்பார்வையோடு. அளவு ரொம்பக் கூடினால், எந்த ரத்தக் கோளாறைச் சரிசெய்யக் கொடுக்கிறார்களோ அதையே இந்தச் சாயம் உண்டாக்கும். கருவுற்றிருப்பவர்கள் தொடவே கூடாது. மீன் கடைப் போத்தல் மனிதர் உட்கொள்ளும் தரத்தில் தயாரிக்கப்பட்டதும் இல்லை.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். "ஆஸ்பத்திரியிலேயே புற்றுநோயாளிக்கு நீலச் சாயம் போடுறாங்களே" என்று சிலர் வாதிடுவார்கள். போடுகிறார்கள்தான். மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சையில், நோய் முதலில் எந்த நிணநீர் முடிச்சுக்குப் போகும் என்று அடையாளம் காண நீலச் சாயம் செலுத்துவது உண்டு. இஃபோஸ்ஃபமைடு என்ற கீமோ மருந்தால் மூளை குழம்பினால் மெத்திலீன் புளூ கொடுப்பதும் உண்டு. முதலாவது வரைபடம், இரண்டாவது மாற்றுமருந்து. இரண்டிலும் சாயம் கட்டியைத் தாக்கவில்லை.

உறவினர் யாராவது ஏற்கெனவே இதைக் குடித்துக்கொண்டிருந்தால் சண்டை போடாதீர்கள். போத்தலை எடுத்துக்கொண்டு அடுத்த மருத்துவச் சந்திப்புக்குக் கூடவே போங்கள். திட்டு விழுமோ என்ற பயத்தில் பலர் மருத்துவரிடம் சொல்வதில்லை. ஆனால் மயக்க மருந்து கொடுப்பவருக்கும் கீமோ அளவைத் தீர்மானிப்பவருக்கும் இது கட்டாயம் தெரியவேண்டும். ஜி6பிடி விவரமும் கையோடு இருப்பது நல்லது. உங்களுடையது தெரியாவிட்டால், நீங்கள் குழந்தையாக இருந்தபோது தடுப்பூசி விவரம் எழுதிய அந்தச் சுகாதாரப் புத்தகத்தை அம்மாவிடம் கேளுங்கள். முதல் சில பக்கங்களிலேயே இருக்கும்.